1 மில்லிமீற்றர் கம்பியும் பெசல் சார்பும்: கணினியில் முதல் தடவை கணிப்பவர்களுக்கு

இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் என் விடை பிழை என்று தெரிந்தது. கேள்வி என்னவோ சின்னது. நிலத்தில் செங்குத்தாக ஊன்றிய ஒரு கம்பி, தன் நிறையாலேயே வளைந்து சாயாமல் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும்? வீட்டு வளவில் நிற்கும் கமுகுகளைப் பார்த்து வந்த யோசனை அது. கமுகு அடி தடித்து நுனி மெலிந்து போவதால் கணக்குச் சிக்கலாகும் என்று, ஒரே தடிப்புள்ள உருக்குக் கம்பிக்கு மாறினேன். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பிக்கு என் நிரல் 1.28 மீற்றர் என்று சொன்னது. சரியான விடை 1.08. இடையிலுள்ள இருபது சென்றிமீற்றரைத் தேடியே அந்த மூன்று வாரமும் போயிற்று.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, முதல் தடவையாகப் பெசல், எய்ரி, லெஜாந்தர் என்று பெயர் வரும் சார்புகளை, அதாவது அடிக்கடி வரும் சில வகையீட்டுச் சமன்பாடுகளின் தீர்வுகளை, கணினியில் கணிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து.

1. கணினியைத் திறக்க முன்னர் சமன்பாட்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். தாளும் பேனாவும் போதும்.

எந்த மென்பொருளும் உங்கள் வகையீட்டுச் சமன்பாட்டைப் பார்த்து “இது பெசல்” என்று தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். அலகுகளை ஒழுங்குபடுத்தி, மாறிலிகளை ஒரே இடத்தில் திரட்டினால் சமன்பாடு தன் முகத்தைக் காட்டும். என் கம்பிக்கு, உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தூரத்தை அளந்து, தக்கபடி அளவுகோலை மாற்றியதும் வந்தது இவ்வளவுதான்:

சரிவின் இரண்டாம் பெறுதி + தூரம் × சரிவு = 0

இது எய்ரி சமன்பாடு, மாறியின் குறி மட்டும் மாறியது. உச்சியில் வளைவு இல்லை, அதனால் அங்கே முதற் பெறுதி 0. அடி இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அதனால் அங்கே சரிவு 0. இந்த இரண்டு எல்லை நிபந்தனைகளையும் போட்டால், தீர்வை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: எய்ரி சமன்பாட்டின் இரண்டு அடிப்படைத் தீர்வுகளான ஏஐ, பிஐ சார்புகளில், ஏஐயை 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, பிஐயுடன் கூட்டுவது, இரண்டிலும் மாறிக்குக் கழித்தல் குறி. மற்றது: −1/3 வரிசைப் பெசல் சார்பு. (பெசல் சார்புகள் பல, அவற்றில் எது என்று சொல்லும் எண்தான் வரிசை.) இரண்டும் ஒரே தீர்வுதான், உடுப்பு மட்டும் வேறு. இரண்டையும் எழுதி வையுங்கள். ஏன் என்று 6ஆம் படியில் தெரியும்.

உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் கணிதச் சார்புகளின் எண்ணிம நூலகம். சுருக்கமாக டிஎல்எம்எஃப். அதில் 9ஆம் அத்தியாயம் எய்ரி, 10 பெசல், 14 லெஜாந்தர், 15 மீபெருக்கச் சார்பு. எய்ரிக்கும் பெசலுக்கும் உள்ள தொடர்பு 9.6இல் இருக்கிறது. தேவையான பக்கங்களை விடுதி வைஃபையில் இருக்கும்போதே சேமித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத இரவில் போன் டேட்டாவில் சமன்பாடுகள் ஏறும் வரை காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

2. நிறுவல், செலவு

மென்பொருளுக்குச் சதம் செலவில்லை. பைதன் நிரல்மொழி, அதற்குள் கணிதப் பொதிகளான சைபை, எம்பிமேத் எல்லாம் இலவசம். எண்முறைக் கணிப்புக்கான ஒக்டேவ் என்ற தனி மென்பொருளும் இலவசம். காசு போவது டேட்டாவுக்குத்தான்.

எல்லாம் ஒரே பொதியாக வரும் அனகொண்டாவை இறக்கினால் ஒரு ஜீபீக்குக் கிட்டப் போகும். தேவையில்லை. பைதனை நேரே நிறுவி, அதனுடன் வரும் நிறுவற் கருவியான பிப் மூலம் சைபை, எம்பிமேத் இரண்டையும் எடுத்தால், சைபைக்குத் தேவையான நம்பை பொதியையும் சேர்த்து 100 எம்பிக்குள் முடிந்துவிடும். லெப்டொப் இல்லையா, பரவாயில்லை. கூகுள் கோலாப் போன் உலாவியிலேயே ஓடும், சைபை அதில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு பொறிகள். பழைய லெப்டொப்பில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் இன்றைய சைபையை ஏற்ற முடியாமல் திண்டாடுவீர்கள், நேரே கோலாப்புக்குப் போய்விடுங்கள். அடுத்தது, போன கிழமை வெளிவந்த பைதன் பதிப்பை ஆசையாக இறக்காதீர்கள். அதற்கான சைபைப் பொதி இன்னும் வந்திராவிட்டால் பிப் மூலநிரலிலிருந்து கட்ட முயன்று, போர்ட்ரான் கொம்பைலர் இல்லை என்று பக்கம் பக்கமாகப் பிழை காட்டும். ஒரு பதிப்பு பிந்தியே இருங்கள்.

ஒரு மாலைப் பொழுது போதும்.

3. சார்பை நம்ப முன்னர், விடை தெரிந்த ஒரு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்

என் இருபது சென்றிமீற்றர் தொலைந்தது இங்கேதான். முதலில் நான் சி++இல் எழுதினேன். வரிசை என்ற இடத்தில் −1/3 என்று தட்டினேன். சி++ இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்தான். −1/3 அதற்கு 0. நான் −1/3 வரிசைப் பெசலைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அது பூச்சிய வரிசைப் பெசலைத் தந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வரைபடம் அழகாக அலை அலையாக வந்தது. அடியில் சரிவு 0 என்பதால், உயரத்தைத் தீர்மானிப்பது சார்பு முதன்முதலில் 0 ஆகும் இடம், அதாவது முதற் பூச்சியம். அது 1.8664 வர வேண்டிய இடத்தில் 2.4048 வந்தது.

−1.0/3 என்று திருத்தியதும் அடுத்த சுவர்: என் கொம்பைலரில் இருந்த சார்பு மறை வரிசையையே ஏற்காது என்று நிரல் நின்றுவிட்டது. அதாவது, பிழையாக எழுதியபோது ஓடியது, சரியாக எழுதியபோது ஓடவில்லை! அன்றைக்குத்தான் பைதனுக்கு மாறினேன்.

ஆகவே எந்தச் சார்பையும் முதலில் தெரிந்த பெறுமானத்தால் சோதியுங்கள். பூச்சிய வரிசைப் பெசல், 1இல்: 0.7651976866. எய்ரி ஏஐ, 0இல்: 0.3550280539. இரண்டாம் படி லெஜாந்தர், 0.5இல்: −0.125. இவை வராவிட்டால் நீங்கள் வேறு ஏதோ ஒன்றை அழைத்திருக்கிறீர்கள்.

அடிக்கடி விழும் குழிகள் இவை:

சைபையில் பெசலைத் தரும் ஜேவி சார்புக்கு முதலில் வரிசை, பிறகு மாறி. மாற்றிக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எண் வரும்.

சைபையில் எய்ரி என்று அழைத்தால் ஓர் எண் வராது, நான்கு வரும்: ஏஐ, அதன் பெறுதி, பிஐ, அதன் பெறுதி, இதே ஒழுங்கில். ஒக்டேவில் அதே பெயர், ஆனால் எது வேண்டும் என்பதை முன்னால் 0, 1, 2, 3 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீள்வட்டத் தொகையீடு மகா பொல்லாதது. அதன் உள்ளீட்டு எண்ணுக்கு மட்டு என்று பெயர். சைபையும் ஒக்டேவும் கேட்பது மட்டின் வர்க்கத்தை. சி++ கேட்பது மட்டையே. இரண்டிலும் 0.5 கொடுத்தால் முதலாவதில் 1.8540746773, மற்றதில் 1.6857503548. இரண்டுமே சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை. ஊசல் கணக்குச் செய்கிறவர்கள் இதை எழுதி மேசையில் ஒட்டுங்கள்.

இணை லெஜாந்தர் சார்பில் கொண்டன்-ஷோர்ட்லி குறி என்று ஒன்று உண்டு. சைபையின் எல்பிஎம்வி அதைச் சேர்த்தே தரும். படி 1, வரிசை 1, மாறி 0.5 என்றால் −0.8660 வரும். உங்கள் பாடநூலில் நேர்க்குறியாக இருந்தால் பயப்பட வேண்டாம், வழக்கம் வேறு.

கோள இசையச் சார்புகளுக்குச் சைபை 1.15இல் புதுப் பெயரே வந்துவிட்டது. கோணங்களின் பெயரும் உள்ளீடுகளின் ஒழுங்கும் பழையதைப் போல இல்லை. சீனியர் அண்ணாமார் தந்த நிரலை அப்படியே ஓட்டுகிறவர்கள் கவனம்.

4. நீங்களே தொடரைக் கூட்டாதீர்கள், மேல்நோக்கி ஏறாதீர்கள்

“பாடநூலில் தொடர் இருக்கிறதே, நாலு வரியில் எழுதிவிடலாம்” என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. மாறி 1, 2 ஆக இருக்கும் வரை நன்றாகத்தான் வரும். 50 கொடுத்துப் பாருங்கள். பூச்சிய வரிசைப் பெசலுக்கு அங்கே விடை 0.0558. ஆனால் தொடரின் நடுவில் வரும் மிகப் பெரிய உறுப்பு 20 இலக்க எண், ஏறக்குறைய 3.3 × 10இன் 19ஆம் வலு. அந்த அளவில் கணினி அடுத்தடுத்துச் சேமிக்கக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியே 4096. ஆயிரக்கணக்கில் முழுமைப்படுத்தி முழுமைப்படுத்திக் கூட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் 0.0558 வரும் என்று எதிர்பார்ப்பது, நெல் ஏற்றிய லொறியை நிறுத்து அதிலிருக்கும் சாரதியின் மோதிரத்தின் நிறையைக் கண்டுபிடிப்பது போல.

மற்றப் பொறி, மீள்வரு சூத்திரம். அடுத்தடுத்த மூன்று வரிசைகளை அது இணைக்கிறது: ஒரு வரிசைப் பெறுமானத்தை (2 × வரிசை ÷ மாறி) என்பதால் பெருக்கி, முந்தியதைக் கழித்தால் அடுத்தது. இதை ஒருநாள் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி, மடியில் கல்குலேட்டரை வைத்துக்கொண்டு ஆறு தசமதானத்துடன் செய்து பார்த்தேன். மாறி 1. பூச்சிய வரிசைப் பெசலை ஜே0, முதலாம் வரிசையை ஜே1 என்று எழுதினால், ஜே0 = 0.765198, ஜே1 = 0.440051. அதிலிருந்து:

ஜே2 = 0.114904
ஜே3 = 0.019565
ஜே4 = 0.002486
ஜே5 = 0.000323
ஜே6 = 0.000744
ஜே7 = 0.008605
ஜே8 = 0.119726

ஆரையம்பதி வரும்போது ஜே9 = 1.907. இந்தச் சார்பு எந்த இடத்திலும் 1ஐத் தாண்டாது. ஜே5இன் உண்மைப் பெறுமானம் 0.000250, ஜே8 ஒரு கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. ஆறாம் தசமத்தில் இருந்த துளிப் பிழையை ஒவ்வொரு படியும் 10ஆல், 12ஆல், 14ஆல் பெருக்கிக்கொண்டே போகிறது. கணினி 16 இலக்கம் வைத்திருந்தாலும் கதை இதுதான், வெடிப்பது சில படிகள் பிந்தும், அவ்வளவே. வரிசை மாறியைவிடப் பெரிதாகும் பக்கத்தில் மேலே ஏறக் கூடாது.

இறங்கலாம். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். ஜே10 = 0, ஜே9 = 1 என்று வாய்க்கு வந்ததை வைத்துக்கொண்டு கீழே வாருங்கள்: 18, 287, 4000, 47713, 473130, 3737327, 21950832, 84066001, 146181170. கடைசி எண்தான் ஜே0இன் இடத்தில் நிற்கிறது. இனி, ஜே0 உடன் ஜே2, ஜே4, ஜே6 முதலியவற்றின் இரு மடங்கைக் கூட்டினால் 1 வர வேண்டும் என்பது விதி. நமக்கு வந்த கூட்டுத்தொகை 191037130. எல்லாவற்றையும் அதனால் வகுங்கள். ஜே0 = 0.7651977, ஜே5 = 0.00024976. கண்ணை மூடிக்கொண்டு வைத்த 0உம் 1உம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. இதற்கு மில்லர் முறை என்று பெயர். காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலம் வருவதற்குள் செய்து முடித்துவிடலாம், நம்பாதவர்கள் செய்து பாருங்கள்.

நூலகச் சார்புகள் இப்படிப் பல முறைகளை உள்ளே வைத்துக்கொண்டு, மாறியின் அளவைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும். அந்த உழைப்பை நாலு வரியில் மிஞ்ச முடியாது.

5. பூச்சியத்தைத் தேடுதல்

செயற்றிட்டங்களில் பெரும்பாலும் கேட்பது சார்பின் பெறுமானத்தை அல்ல, அது எங்கே பூச்சியமாகிறது என்பதைத்தான். றபான் போன்ற ஒரே சீரான தோலுள்ள வட்ட மேளத்தின் சுரங்கள் வேண்டுமா, பெசலின் பூச்சியங்கள். முழு எண் வரிசை என்றால் கவலையில்லை. சைபையின் ஜேஎன்-சீரோஸ் 2.4048, 5.5201, 8.6537 என்று வரிசையாகத் தந்துவிடும்.

பின்ன வரிசைக்கு அது உதவாது, முழு எண் மட்டும்தான் ஏற்கும். எம்பிமேத்தில் உள்ளது பின்னத்தை ஏற்கும், மறை வரிசையை ஏற்காது. என் −1/3 இரண்டிலும் வெளியே நின்றது. அப்போது சைபையில் பூச்சியம் தேடும் பிரென்ட்கியூவை எடுங்கள். சார்பின் குறி மாறும் இரண்டு எல்லைகளைக் கொடுத்தால் இடையிலுள்ள பூச்சியத்தைப் பிடித்துத் தரும். −1/3 வரிசைக்கு 1 முதல் 3 வரை கொடுத்தேன், 1.86635 வந்தது. 0இலிருந்து தொடங்காதீர்கள், மறைப் பின்ன வரிசைப் பெசல் அங்கே முடிவிலிக்குப் போகிறது. நியூட்டன் முறையும் வேண்டாம். ஒரு படி தவறி மறை மாறிக்குள் விழுந்தால் சைபை “எண் அல்ல” என்று திருப்பித் தரும், அதன்பின் எல்லாமே அதுதான்.

முதலில் வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு எல்லையைத் தெரிவுசெய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

6. இரண்டாவது வழியால் அதே எண்ணைப் பிடியுங்கள்

இங்கேதான் 1ஆம் படியில் எழுதி வைத்த இரண்டாவது உடுப்பு உதவும். பெசல் வழியில் வந்த 1.86635ஐ 1.5ஆல் பெருக்கி வர்க்கித்தால் 7.8373. எய்ரி வழியில் அந்தக் கூட்டுச் சார்பின் பூச்சியம் 1.98635. அதைக் கனமாக்கினால் அதே 7.8373. இரண்டு வெவ்வேறு சார்புகள், இரண்டு வெவ்வேறு நிரல்கள், ஒரே எண். இதை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவதாக, சார்புகளையே மறந்துவிட்டு, வகையீட்டுச் சமன்பாட்டை நேரே எண்முறையில் தீருங்கள். அதற்குச் சைபையில் சால்வ்-ஐவிபி உண்டு. தொடக்கத்தில் சரிவு 1, பெறுதி 0 என்று கொடுத்து, சரிவு 0 ஆகும் இடத்தில் நிறுத்தச் சொல்லலாம். பொறி என்னவென்றால், அது இயல்பாக அனுமதிக்கும் ஒப்பீட்டுப் பிழை ஆயிரத்தில் ஒன்று. மாற்றாமல் ஓட்டினால் மூன்று நான்கு இலக்கத்துக்குப் பிறகு ஒத்துப்போகாமல், சரியான சார்பையே சந்தேகிப்பீர்கள். 10இன் −10ஆம் வலுவுக்கு இறுக்குங்கள்.

7.8373 வந்தபின் மிச்சம் கல்குலேட்டர் வேலை. உயரத்தின் கனம் = 7.8373 × யங்கின் மட்டு × ஆரையின் வர்க்கம் ÷ (4 × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்). உருக்குக்கு 200 ஜிகாபஸ்கால், கனமீற்றருக்கு 7850 கிலோகிராம், ஆரை 0.0005 மீற்றர். விடை 1.08 மீற்றர். ஹாட்வெயார் கடையில் கம்பி வாங்கி நிறுத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். சுருளில் விற்பதைத்தான் தருவார்கள், அது ஏற்கெனவே வளைந்தது. ஒரு கிழமை அதை நிமிர்த்தப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதிக இலக்கம் வேண்டுமென்றால் எம்பிமேத்தில் 50 இலக்கம் வைக்கலாம். ஆனால் அங்கே −1/3 என்று சும்மா தட்டினால் பைதன் அதை முதலில் 16 இலக்கத்துக்குச் சுருக்கிவிட்டுத்தான் எம்பிமேத்திடம் கொடுக்கும். −1ஐ முதலில் எம்பிமேத்தின் சொந்த எண் வகையான எம்பிஎஃப் ஆக்கிவிட்டு 3ஆல் வகுங்கள். ஆம், அதே −1/3 மறுபடியும்! எம்பிமேத் மெதுவானது என்பதையும் நினைவில் வையுங்கள். சரிபார்க்க அது, பத்தாயிரம் புள்ளிக்கு வரைபடம் போடச் சைபை.

7. எண் வழிந்தால்

மாற்றிய பெசல் சார்புகளில் ஒன்று (சைபையில் ஐவி) அடுக்குக்குறியாக வளரும், மற்றது (கேவி) அதே வேகத்தில் தேயும். மாறி 800 என்றால் ஐவி முடிவிலி, கேவி 0. இரண்டையும் பெருக்கினால் “எண் அல்ல”. பெயரின் முடிவில் ஈ சேர்த்த ஐவிஈ, கேவிஈ இரண்டும் அந்த அடுக்கைக் கழற்றிவிட்டுத் தரும். பெருக்கும்போது அடுக்குகள் தாமாகவே வெட்டுப்படும். சைபை இந்த வழிதல்களை இயல்பாக வாய்திறந்து சொல்லாது, சொல்ல வைக்க எர்ஸ்டேட் என்று ஒன்று உண்டு.

8. அறிக்கையில் இணைக்க வேண்டியவை, நாள் கணக்கு

மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும். அழைத்த சார்பின் பெயர், எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்ற ஒரு வரி. டிஎல்எம்எஃப் சமன்பாட்டு எண். 3ஆம் படியில் செய்த சோதனைப் பெறுமானங்கள், 6ஆம் படியில் இரண்டு வழியாலும் வந்த எண்கள், ஒரு சிறிய அட்டவணையாக. என்னிடம் வாய்மொழிப் பரீட்சையில் கேட்கப்பட்டவற்றில் பாதி இந்த அட்டவணையிலிருந்துதான். உயரத்தை 15 இலக்கத்தில் எழுதி வைக்காதீர்கள். யங்கின் மட்டு மூன்று இலக்கத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது.

தாள் வேலைக்கு அரை நாள், நிறுவலுக்கு ஒரு மாலை, சோதனைப் பெறுமானங்களுக்கு ஒரு நாள், பூச்சியம் தேட ஒரு நாள், சரிபார்க்க ஒரு நாள். அறிக்கை எழுதுவதைச் சேர்க்காமல் நாலு, ஐந்து நாளில் முடியும்.

அப்புறம், பிரிண்ட் எடுக்க டவுனுக்குப் போகும்போது வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் எழுத்துரு மாறி, என் சமன்பாடுகளில் இருந்த கழித்தல் குறிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. −1/3 வெறும் 1/3 ஆகி அச்சாகியிருந்தது. அந்த வரிசைக்கு முதற் பூச்சியம் 2.9026, கம்பி 1.45 மீற்றர் நிற்கும். அச்சடித்த நாற்பது பக்கத்துக்கும் காசு கொடுத்துவிட்டு, பிடிஎஃப் எடுத்துவர மறுபடி பஸ் ஏறினேன்.